காலத்துக்கு வெளியே யாரும் வாழ்வதில்லை

லத்தீன் அமெரிக்க இலக்கியம் குறித்து நம்மிடையே நடக்கும் உரையாடல்களில் ஆண்டிஸ் மலைமக்களுக்கென்று ஓர் அடைமொழி எப்போதும் தயாராக இருக்கிறது: ‘தொன்மையானவர்கள்’. பனி, மலைத் தெய்வங்கள், கம்பளிப் போர்வை, மௌனம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் மலையையே சொல்லியாகிவிட்டது என்றொரு நினைப்பு. புகழ்ச்சியாகத் தோன்றும் இச்சொல் உண்மையில் ஒரு வசை என்பதே நமது கட்சி. அதற்குச் சான்றாகப் பெரு நாட்டின் அயாகுச்சோ பிரதேசத்திலுள்ள உவாந்தா மாகாணத்தை முன்வைக்கிறோம்.

உவாந்தா நகரம் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் பழத்தோட்டங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. ‘ஆண்டிஸின் மரகதம்’ என்பது அதன் செல்லப்பெயர். அதற்கு மேலே, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உருளைக்கிழங்கும் ஆடுகளும் லாமாக்களும் மட்டுமே பிழைக்கும் குளிர்ந்த மேட்டுநிலம். அதற்கும் கிழக்கே, கொக்கா விளையும் அப்பூரிமாக் ஆற்றின் வெப்பச் சரிவுகள். மேட்டுநிலத்துக் குடியானவர்கள் பல தலைமுறைகளாகக் கோவேறு கழுதைகளில் கொக்கா மூட்டைகளை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள். மேலும் கீழுமாக ஓயாமல் நடந்தவர்களைத்தான் ‘ஒதுங்கி வாழ்பவர்கள்’ என்கிறோம்.

இந்த மேட்டுநிலத்தில், உச்சுரக்காய் என்னும் ஊரில், 1983 ஜனவரி 26 அன்று எட்டுப் பத்திரிகையாளர்களையும் அவர்களது வழிகாட்டியையும் ஊரார் கொன்றனர். அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மரியோ வர்காஸ் யோசா. கொன்றவர்கள் ஊராரே என்ற அவரது முடிவு சரியானதுதான். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2003இல், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் அதையே உறுதிசெய்தது. நமது சண்டை அவர் சொன்ன காரணத்தோடு. ஒரே நாட்டுக்குள் இரண்டு பெருக்கள் இருக்கின்றன, இம்மக்கள் பழங்காலத்தைச் சேர்ந்த பெருவில் வாழ்கிறார்கள் என்ற சித்திரம் அவ்வறிக்கையின் முதுகெலும்பாக இருந்தது.

அந்தப் பழங்கால ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கடைகள் இருந்தன. நகரங்களுக்குப் போய் வேலை செய்து, ஸ்பானிய மொழி கற்றுத் திரும்பிய இளைஞர்கள் இருந்தனர். அறிக்கை வெளிவந்த பின் கிடைத்த, கொல்லப்பட்டவர்களுள் ஒருவரான வில்லி ரெத்தோவின் கேமராவில், ஊராரும் பத்திரிகையாளர்களும் எதிரெதிரே நின்று பேசும் படங்கள் இருந்தன. பேச்சு நடந்திருக்கிறது, பேச்சு முறிந்திருக்கிறது. ஏன் முறிந்தது என்பதற்கு இன்கா காலத்துக்குப் போகவேண்டியதில்லை, ஐந்து நாள் பின்னோக்கிப் போனால் போதும். பக்கத்து ஊரான உவாய்ச்சாவோவில் ‘ஒளிரும் பாதை’ இயக்கத்தினர் ஏழு பேரை ஊரார் கொன்றிருந்தனர். ராணுவத் தளபதியும் குடியரசுத் தலைவரும் அதைப் பகிரங்கமாகப் பாராட்டியிருந்தனர். தொன்மையைக் குற்றவாளியாக்கினால் அந்தப் பாராட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மங்கிவிடுகிறது. தொன்மையை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. ஏற்றப்பட்டவர்கள் உச்சுரக்காயின் குடியானவர்கள்தாம்.

மிச்சக் கதையை இலக்கியவாசிகள் பேசுவது அரிது. அடுத்த மாதங்களில் அவ்வூரார் 135 பேர், பெரும்பாலும் ஒளிரும் பாதையினராலும், ராணுவத்தாலும் அண்டை ஊர்க் காவல்படையினராலும் கொல்லப்பட்டனர். 1984இல் ஊர் காலியாயிற்று. எட்டுப் பேரின் பெயர்கள் நாடெங்கும் நினைவுகூரப்பட்டன. 135 பேர் ‘காலத்துக்கு வெளியே’ இருந்தபடியால் போலும், அவர்களது மரணத்துக்குத் தேதியும் தேவைப்படவில்லை.

உவாந்தாவுக்கு வரலாறு இல்லையா? 1820களில் புதிய குடியரசை எதிர்த்து ஸ்பானிய மன்னரின் பெயரால் இம்மேட்டுநிலத்தார் கிளர்ந்தபோது, தலைவர் அந்தோனியோ உவாச்சாக்காவின் தலைமையிடம் இதே உச்சுரக்காய். 1896இல் உப்பு வரிக்கு எதிராக எழுந்தார்கள். 1969 ஜூனில் இலவசக் கல்விக்காகத் தெருவில் இறங்கி உயிரிழந்தார்கள். வரி, பள்ளிக்கூடம், அரசு: இவையெல்லாம் நவீன மனிதனின் கவலைகள் அல்லாமல் வேறென்ன?

இதை இலக்கியத்தில் கண்டு சொன்னவர் ஹொசே மரியா அர்கேதாஸ். அதே அயாகுச்சோவின் தெற்கிலுள்ள புக்கியோவைக் களமாகக் கொண்ட அவரது ‘யாவார் ஃபியெஸ்தா’ (1941) நாவலில், கெச்சுவாக் குடியானவர்கள் தாமாகவே கூடிக் கடற்கரைக்குச் சாலை வெட்டுகிறார்கள். மலையிலிருந்து உலகத்தை நோக்கி வெட்டப்பட்ட சாலை அது. ‘மாந்திரீக யதார்த்தம்’ என்ற ஒற்றைச் சாவியோடு திரியும் நம் வாசிப்புக்கு அந்தச் சாலை கண்ணில் படுவதேயில்லை.

1993இல் உச்சுரக்காய் மக்கள் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டினார்கள். 2014இல் அது உவாந்தா மாகாணத்தின் தனி மாவட்டமாயிற்று. மனுப்போட்டு, அலுவலகம் ஏறி, எல்லை வரையறுத்துப் பெறும் ஒன்று அது. இனி அம்மக்களைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: மௌனமானவர்கள் என்று எழுதுமுன், அவர்கள் என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எந்த ஆண்டு கேட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.