கையெழுத்துக்கு மட்டும்தானா?

ஜூன் பிறந்துவிட்டால் தமிழகத்துப் பள்ளிகளின் மணியோசையோடு சுற்றறிக்கைகளும் வீடு வந்து சேர்கின்றன. சீருடை, சான்றிதழ்கள், தாமதமாக வருவோருக்கான எச்சரிக்கை: இவையே பெரும்பாலும் செய்தி. 'அறிவிக்கப்படுகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று முடியும் வாக்கியங்களில் பேசுபவர் யாரென்று தெரிவதில்லை. வாசிக்கும் பெற்றோர் மட்டும் கட்டளைக்குக் காத்திருப்பவராகிவிடுகிறார்.

சட்டம் அவரை அப்படிக் கருதவில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அவர்கள் பணி.

அப்படியானால் அவர்களுக்குச் செல்ல வேண்டிய செய்தி வேறு. எத்தனை ஆசிரியர் இடங்கள் காலி? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? நூலக அலமாரி எந்தக் கிழமை திறக்கும்? சென்ற ஆண்டு மானியம் எதற்குச் செலவானது? இந்நான்குக்கும் பதில் தர அரைப் பக்கம் போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் தாய்க்கும் விளங்கும் தமிழில் அது இருந்தால், அடுத்த கூட்டத்தில் அவர் கேள்வியோடு வருவார்.

நாவலின் ஒரு வாக்கியத்துக்காக நாள்கணக்கில் வாதிடுகிறோம் நாம். பிள்ளையின் புத்தகப்பையில் வரும் தாளின் உரைநடையை என்றேனும் பொருட்படுத்தியிருக்கிறோமா? கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவதோடு நம் வாசிப்பு முடிந்துவிடுகிறது. இந்த ஆண்டு கையெழுத்துக்குக் கீழே ஒரு கேள்வியையும் எழுதி அனுப்புவோம்.