எழுத்தைப் படமாக்காதீர்கள்

போன மாதம் எங்கள் பழைய ஆசிரிய நண்பர் ஒருவர் காலமானார். செய்தி வாட்ஸப் குழுவில் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. பூமாலை, இரண்டு குத்துவிளக்கு, நடுவில் அவர் புகைப்படம், கீழே மஞ்சள் எழுத்தில் பெயர், வயது, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம். குழுவில் இருந்தவர்கள் வரிசையாகக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

ஆறு நாள் கழித்து மேலகரத்தில் இருக்கும் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 84. கண் அழுத்த நோயில் பார்வை போய்ப் பத்து வருடம் ஆகிறது. பேரன் போனில் வாசித்துக் காட்டும் வசதியை வைத்துக் கொடுத்திருக்கிறான். விரலால் தொட்டால் செய்தியைக் குரல் படிக்கும். இறந்தவரும் அவரும் ஒன்றாகப் படித்து, ஒரே பள்ளியில் 20 வருடம் வேலை பார்த்தவர்கள்.

பேச்சுவாக்கில் நான் இரங்கலைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி சொல்லுதீக? அவன் போயிட்டானா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

"குரூப்புல போட்டிருந்தாங்களே அண்ணாச்சி."

போனை எடுத்துப் பார்த்தோம். அன்றைய செய்தியைத் தொட்டார். குரல் அனுப்பியவர் பெயரைச் சொன்னது, "படம்" என்றது, நிறுத்திக்கொண்டது. அடுத்தடுத்து "கூப்பிய கைகள், கூப்பிய கைகள்" என்று இருபது முறைக்கு மேல் படித்தது. அதில் ஒரு கை என்னுடையது.

"தெனமும் காலையில சாமி படம் வரும், எல்லாரும் கும்பிடுவாங்க. அதுதான்னு நெனச்சேன்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இந்தக் கட்டுரையைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே. ஏனென்றால் எழுத்து வேறு, எழுத்தின் படம் வேறு என்பதை 1986லேயே என் கையால் கற்றுக்கொண்டவன் நான். கற்றுக்கொடுத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர்.

1984ல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் அறிவு கொடுக்க 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுக்க 250 பள்ளிகள் அளவில் எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. அங்கே வீடுகளிலும் பள்ளிகளிலும் அதை வைத்திருந்தார்கள். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. நினைவகம் மொத்தம் 32 கிலோபைட். இன்று உங்கள் போனில் இருக்கும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதற்குள் அடங்காது.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் பெட்டி என் தலையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர், ஒரு டிவி. மாலை நான்கரைக்கு மேல் ஏழெட்டுப் பையன்கள் அதைச் சுற்றி நிற்பார்கள்.

அதன் திரைக்கு எட்டு 'மோட்' உண்டு, பூஜ்யம் முதல் ஏழு வரை. பெட்டியைப் போட்டதும் வருவது மோட் 7. அது எழுத்துக்கான முறை. ஒரு வரிக்கு 40 எழுத்து, 25 வரி, ஆக 1000 இடம். ஒவ்வோர் இடத்திலும் 'இங்கே இன்ன எழுத்து' என்று ஓர் எண்ணை மட்டும் இயந்திரம் வைத்துக்கொள்ளும். திரை முழுவதற்கும் ஒரு கிலோபைட் போதும். மோட் 1 படத்துக்கானது. குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 256 புள்ளி, நான்கு வண்ணம். அந்தத் திரை ஒன்றே 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். மிச்சத்தில் கம்ப்யூட்டரின் சொந்தத் தேவை போக, புரோகிராம் எழுத எட்டரை கிலோபைட் கிடைக்கும். அதையும் டேப்பில் பதித்துப் பார்த்தால் வித்தியாசம் காதில் கேட்கும். எழுத்துத் திரை பத்துப் பதினைந்து விநாடியில் முடியும். படத்திரை மூன்று நான்கு நிமிடம் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

பையன்களும் நானும் சேர்ந்து பேசிக்கில் ஒரு படம் வரையும் புரோகிராம் எழுதினோம். அம்புக்குறி விசைகளால் புள்ளியை நகர்த்தலாம், கோடு போடலாம், வண்ணம் மாற்றலாம். ஒரு விசையை அழுத்தினால் எழுத்து முறை, இன்னொன்றை அழுத்தினால் பட முறை.

முதலில் வரைந்தது காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம். அன்று தென்காசியில் வளர்ந்த பிள்ளைகள் யாரும் முழுக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இடி விழுந்து பிளந்துபோன மொட்டைக் கோபுரம்தான் பல பத்தாண்டுகளாக நம் அடையாளம். 1990ல்தான் ஒன்பது நிலையும் எழுந்து குடமுழுக்கு நடந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே எங்கள் திரையில் ஒன்பது நிலையும் எழுந்துவிட்டது. மூன்று மாலை வேலை.

மூன்றாம் நாள் ஒரு பையன் அதன் கீழே பெயர் எழுத நினைத்தான். கடைசி வரியில் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைத் தட்டி, ரிட்டர்ன் விசையை அழுத்தினான். திரை முழுக்க ஒரு வரி மேலே ஏறியது. இன்னொரு தடவை அழுத்தினான். கலசங்கள் போயின. பதறிப்போய் மறுபடி அழுத்தினான், மேல்நிலை போயிற்று. எழுத்துக்கு இடம் வேண்டும் என்றால் எழுத்து முறை மொத்தத் திரையையும் மேலே தள்ளும். கோபுரம் என்று அதற்கு என்ன தெரியும்?

அதன் பிறகு திரையைப் பாகம் பிரித்தோம். கீழே நான்கு வரி எழுத்துக்கு, மேலே உள்ளது படத்துக்கு. எழுத்து தன் பாகத்துக்குள்ளேயே ஏறி இறங்கும், படம் அசையாது. படத்தின் மேலேயே பெயர் எழுத வேண்டுமானால் வேறொரு கட்டளை உண்டு. அது எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடும். ஒட்டிய பிறகு அந்த எழுத்தை எழுத்தாக அழிக்க முடியாது. வெறும் புள்ளிகளாகக் கோபுரத்தோடு கலந்துவிடும்.

பிறகு தமிழுக்கு வந்தோம். மோட் 7ல் தமிழ் வரவே வராது. அதன் எழுத்து வடிவங்கள் சில்லிலேயே பொறித்தவை. மற்ற மோட்களில் நாமே எழுத்து செய்யலாம். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று எட்டு எண்களாகக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக 32 எழுத்துக்குத்தான் இடம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 என்று பையன்கள் துள்ளினார்கள். அப்புறம்தான் கொம்பும் காலும் சுழியும், 'கு', 'மு', 'நு' என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைவதும் நினைவுக்கு வந்தது. கடைசியில் 'தென்காசி', 'குற்றாலம்' இரண்டுக்கும் தேவையான 11 துண்டுகளை மட்டும் செய்தோம். 'ற்' பார்க்கச் சகிக்காது.

இன்னொரு பையன் அந்தச் சிரமமே வேண்டாமென்று பட முறையில் கோடு இழுத்து 'தென்காசி' என்று பெரிதாக வரைந்தான். கண்ணைப் பறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது ஒருவன் கேட்டான்: "சார், இதுல எத்தனை 'க' இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

அழகாக வரைந்ததில் தெரியாது. அது கோபுரத்துக் கோடுகளைப் போல இன்னும் சில கோடுகள், அவ்வளவுதான். அசிங்கமான 11 துண்டுகளில் தெரியும். அங்கே 'க'வுக்கு ஓர் எண் இருந்தது. தேடலாம், எண்ணலாம், வரிசைப்படுத்தலாம்.

நம் ஊர் உதாரணமாகவே சொல்கிறேன். குற்றாலத்துச் சித்திர சபையில் சுவர் முழுக்க ஓவியம். அதைப் பிரதி எடுக்க இன்னொரு ஓவியன் வேண்டும். தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் கல்லில் பாட்டு வெட்டி வைத்தான். பின்னாளில் இந்தக் கோயிலைப் பேணுகிறவர்களை வணங்குவதாகச் சொல்லும் பாட்டு. அதைப் பிரதி எடுக்க எழுத்துத் தெரிந்தவர் போதும். பார்வை இல்லாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம், அவர் மனப்பாடம் செய்து பேரனுக்குச் சொல்லலாம். ஓவியமும் நமக்கு வேண்டும், கல்வெட்டும் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டை யாரும் சித்திர சபைச் சுவரில் பூவேலைக்கு நடுவே ஒளித்து வைக்கவில்லை.

இன்று நாம் செய்வது அதுதான். மரண அறிவிப்பு, சங்கக் கூட்ட அழைப்பு, ஓய்வூதியச் சுற்றறிக்கை, மின்தடை, கண் முகாம், அருவியில் குளிக்கத் தடை, எல்லாம் படம். தேடினால் கிடைக்காது. எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. விரலால் விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். பார்வை போனவருக்கு அது ஒரே சொல்: "படம்."

இதைச் சொன்னால் நண்பர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள்.

முதல் பதில்: "தமிழ்ல டைப் பண்ண வராது சார்." 1986ல் இது நியாயம். 11 துண்டு செய்ய எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் 1991லேயே யூனிகோடு தன் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. 2010ல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணை போட்டது. இன்று கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போன் தானே எழுதுகிறது. பேசக்கூடவா வராது? வகுப்பில் 45 நிமிடம் நிறுத்தாமல் பேசிய ஆட்கள்தானே நாம்.

இரண்டாம் பதில்: "படமா போட்டாத்தான் அழகா, மரியாதையா இருக்கு." போடுங்கள், யார் வேண்டாமென்றது? அழைப்பிதழை அழகாக அச்சடித்த காலத்திலும் வீட்டு வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டுத்தானே கொடுத்தோம். அழைப்பிதழை வாசலில் எறிந்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் மரியாதையா?

மூன்றாம் பதில் படித்த பிள்ளைகளுடையது: "இப்ப படத்துல இருக்கிற எழுத்தை மெஷினே படிச்சிரும் தாத்தா." அதுவும் எனக்குப் புதிதில்லை. பிபிசி மைக்ரோவிலேயே அதற்கு ஒரு வழி இருந்தது. இந்த இடத்தில் என்ன எழுத்து என்று கேட்டால், அங்குள்ள புள்ளிகளைத் தனக்குத் தெரிந்த வடிவங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், 'தெரியவில்லை' என்று பூஜ்யத்தை நீட்டிவிடும். இன்றைய இயந்திரங்கள் அதைவிட எவ்வளவோ கெட்டி. ஆனாலும் அருவிப் படத்தின் மேல் சாய்வாக, வெள்ளை எழுத்தில், வளைவு வளைவான ஃபான்டில் எழுதினால் அவையும் தடுமாறும். அண்ணாச்சியின் போன் அன்று 'படம்' என்றுதான் சொன்னது. அது நாளைக்குக் கெட்டிக்காரப் போனாகும் வரை இறந்தவர் உடல் காத்திருக்குமா? அரிசியை மணலில் கொட்டிவிட்டு, பொறுக்கத்தான் ஆள் இருக்கிறதே என்பது போல இருக்கிறது இந்தப் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஊர் வரலாறு, கோயில் கதை, பழைய ஆசிரியர்கள் பற்றியெல்லாம் எழுதுகிறோம். கையால் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு. அலங்காரச் சட்டத்துக்குள் வைத்துப் போடுகிறவர்களும் உண்டு. நாம் போன பிறகு ஒரு பேத்தி எங்கோ உட்கார்ந்து 'மேலகரம்' என்று தேடினால் அதில் ஒன்றும் அகப்படாது. எழுதியும் எழுதாத மாதிரிதான்.

ஆகவே வேண்டுகோள் இது. செய்தியை முதலில் எழுத்தாகப் போடுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்கு வரி போதும். அதற்குக் கீழே எத்தனை பூமாலை வேண்டுமானாலும் வையுங்கள். யாராவது வெறும் படமாகப் போட்டால், கைகூப்புவதற்கு முன்னால் அதிலுள்ளதை இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். குழுவை நடத்துகிறவர்கள் இதை விதியாகவே வைக்கலாம்.

எங்கள் குழுவில் நான் செய்யத் தொடங்கிவிட்டேன். "வாத்தியாருக்கு வேலை இல்லை" என்று ஒருவர் எழுதினார். எழுத்தாகத்தான் எழுதியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு, "வேலை இல்லாத வாத்தியாரா பேசுறது?" என்று சிரித்தார். அவர் போன் அதைப் படித்துக் காட்டியிருக்கிறது.