துபாய்க்குப் போகுமுன் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள்

தாராவி 90 அடி சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு ஒன்றுதான். "துபாய்க்குப் போகலாமா, கத்தாருக்குப் போகலாமா?" அன்டாப்ஹில்லிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூர் சீத்தா கேம்ப்பிலும் இதே பேச்சுதான். எலக்ட்ரீசியன் வேலை தெரிந்த பையன், ஏ.சி. மெக்கானிக், டிரைவர், தையற்காரர் எல்லோரும் ஆளுக்கொரு ஏஜெண்டின் டெலிபோன் நம்பரைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள்.

போவது தவறல்ல. கடல் தாண்டிப் பிழைப்பது தமிழனுக்குப் புதிய சங்கதியும் அல்ல. அதிலும் மும்பைத் தமிழர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஊரை விட்டு வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா ஒரு தகரப்பெட்டியோடு மதராஸ் மெயிலில் வந்து இறங்கினார். தோல் பதனிடும் கொட்டகையில் கூலியாகச் சேர்ந்தார். அவரிடம் ஒப்பந்தப் பத்திரம் இருந்ததா? இல்லை. சம்பளம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்த சீட்டு இருந்ததா? அதுவும் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் "வா" என்று கடிதம் போட்டார். இவர் வந்துவிட்டார்.

அப்படி வந்தும் அவர் ஏமாறவில்லை. காரணம் உண்டு. ஸ்டேஷனில் இறங்கியதும் கூட்டிப் போக ஊர்க்காரர் நின்றார். அவருடைய கோலியிலேயே பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் படுத்துக்கொள்ளலாம். வேலை பிடிக்காவிட்டால் இன்னொரு கொட்டகை. எதுவுமே சரிப்படாவிட்டால் ஒரு டிக்கெட் எடுத்தால் மூன்றாம் நாள் ஊரில் இருக்கலாம். அவரை யாரும் தடுக்க முடியாது. அபராதம் கேட்கவும் முடியாது.

அதே நம்பிக்கையில் பேரன் விமானம் ஏறப் பார்க்கிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வளைகுடா நாட்டில் ஒருவர் எங்கே வேலை செய்யலாம், எவ்வளவு நாள் தங்கலாம் என்பது முதலாளியின் பெயரில் வந்த விசாவோடு கட்டுப்பட்டது. கத்தார் 2020-இலும் சவூதி அரேபியா 2021-இலும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தின. முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அங்கெல்லாம் சட்டம் சொல்கிறது. இருந்தும் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. விசாக் காலம் முடிந்து தங்கினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். அந்த அபராதத்தைக் கட்ட வழியின்றித் தலைமறைவாக இருந்தவர்களுக்காகத்தான் ஐக்கிய அரபு அமீரகம் 2018-இல் ஒருமுறையும், 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மறுபடியும் பொதுமன்னிப்பு அளித்தது. தூதரக வாசலில் வரிசையில் நின்றவர்களில் பலர் சுற்றுலா விசாவில் போனவர்கள். "முதலில் போய் இறங்கு, வேலை விசா அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள்.

ஒன்றரை லட்சம் கணக்கு

சென்ற மாதம் தாராவியில் ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது. மகனுக்கு வயது 24. ஏ.சி. மெக்கானிக். ஏஜெண்டின் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். தூரத்து உறவும் கூட.

"அண்ணாச்சி, நம்ம பையன்லா? நான் பாத்துக்கிடுதேன். ஒன்றரை லட்சம் மட்டும் ரெடி பண்ணுங்க. மாசம் ஆயிரம் திர்ஹம், தங்க இடம் கம்பெனி தரும்."

அப்பா உடனே தலையாட்டவில்லை. "ரசீது தருவியாப்பா?" என்று கேட்டார். வந்தவர் சிரித்தார். "சொந்தத்துக்குள்ள என்ன அண்ணாச்சி ரசீது?"

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீது ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது கொடுத்தாக வேண்டும். வீடு வீடாக வரும் துணை ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அது உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பார்க்கத் தெரியாதவர்கள் நேரிலேயே போகலாம். மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்திரா-குர்லா வளாகம். அங்கே விதேஷ் பவனில்தான் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் இருக்கிறது. தாராவிக்காரருக்கு இது பக்கத்து வீடு மாதிரி. ஆனால் அந்த வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்?

அந்த ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் இல்லாத பணம். மூன்று வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். முதல் மாத வட்டியே 4,500 ரூபாய். ஒரு திர்ஹமுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் திர்ஹம் 23,000 ரூபாய். சாப்பாட்டுக்கும் போனுக்கும் 400 திர்ஹம் போனால் மிச்சம் 13,800. அதில் ஒரு பைசாவும் வீட்டுக்குக் கொடுக்காமல் அப்படியே கடன்காரனுக்கு அனுப்பினாலும் அசலும் வட்டியும் தீர 13 மாதத்துக்கு மேல் ஆகும். ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றால், பையன் தனக்காகச் சம்பாதிப்பது பத்தே பத்து மாதம். மும்பையில் வெயில் காலத்தில் ஒரு நல்ல ஏ.சி. மெக்கானிக் என்ன சம்பாதிக்கிறார் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மருத்துவப் பரிசோதனை விஷயமும் இருக்கிறது. வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையங்களில்தான் அதைச் செய்ய வேண்டும். என்றோ வந்து குணமான காசநோயின் வடு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தகுதியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நெருக்கமான சந்துகளில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்த வடு இருக்கும். ஆகவே முன்பணத்தைக் கொடுக்குமுன் வெளியில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். பணம் கொடுத்த பிறகு எடுத்தால் எக்ஸ்ரேயும் மிஞ்சாது, பணமும் மிஞ்சாது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ்

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அரபு நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போவதானால் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது, எட்டாவதோடு நின்றுவிட்ட பிள்ளைகள் மும்பையில் ஏராளம். ஆகையால் நம்மவர்களில் பலருக்கு இந்த முத்திரை விழுகிறது. இதை ஓர் அவமானமாக நினைத்து, போலிச் சான்றிதழ் வாங்கியாவது முத்திரையை நீக்கப் பார்க்கிறார்கள். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை.

இந்த முத்திரை ஒரு வேலி. இது இருந்தால்தான் வெளிநாட்டு முதலாளி யார், சம்பளம் என்ன, என்ன வேலை என்ற ஒப்பந்தம் அரசின் பதிவேட்டில் ஏறும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுத்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பும் ஏஜெண்டு இந்த வேலியைத்தான் முதலில் பிடுங்குகிறான்.

பத்தாம் வகுப்பு தேறியவர் யாரையும் கேட்காமல் போகலாம். அப்படியானால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது. மும்பையில் கையெழுத்துப் போட்ட தாளில் 'ஏ.சி. டெக்னீஷியன்' என்றும், விசாவில் 'கிளீனர்' என்றும் இருந்தால், அங்கே போய் இறங்கியபின் அவர் கிளீனர்தான். விசாவின் நகலை விமானம் ஏறும் நேரத்தில் கையில் திணிக்கும் ஏஜெண்டு எதற்காக அப்படிச் செய்கிறான் என்று யோசிக்க வேண்டாமா?

எம்.செல்வம் யார்?

தமிழர்களுக்கென்றே வந்து சேர்ந்த இன்னொரு தொல்லை பெயர். ரயில் முன்பதிவுப் படிவத்தில் 'எம்.செல்வம்' என்று எழுதினால் போதும், வண்டி ஏற்றிக்கொள்ளும். பாஸ்போர்ட் அப்படியல்ல. இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும். மும்பைப் பள்ளிக்கூடமோ மகாராஷ்டிர வழக்கப்படி பையன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அட்மிஷன் அன்று உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ போட்டு இடத்தை நிரப்பியிருப்பார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஓர் உத்தரவு போட்டது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதிக்க முடியாது என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் பல தமிழ்க் குடும்பங்கள் பதறிப்போயின. இந்தத் திருத்தங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். விசா வந்தபின் அலைவதைவிட, போகும் எண்ணம் தோன்றிய அன்றே எல்லாக் காகிதத்திலும் பெயரை ஒன்றாக்கிவிட வேண்டும்.

வீடு யார் பெயரில்?

இத்தனையையும் சரிசெய்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் கூட மறந்துபோகும் ஒன்று உண்டு. அதுதான் இப்போது தாராவிக்காரருக்குத் தலைபோகிற விஷயம்.

தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் நிபந்தனை வேறு, இடமும் வேறு. ஆக, இது காகிதத்தின் காலம். தாத்தா முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய கோலி, அவர் பெயரில் இருக்கும் போட்டோ பாஸ், பழைய லைட் பில், ரேஷன் கார்டு எல்லாம் அந்தத் தகரப்பெட்டியில் கிடக்கும். தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியும் பெயர் மாற்றாத வீடுகள் எத்தனை! அப்பா படிக்காதவர், மகன்தான் அலுவலகங்களுக்கு அலைகிறவர் என்றால், அந்த மகன் விமானம் ஏறிய மறுநாள் அதிகாரி கதவைத் தட்டினால் யார் பதில் சொல்வது?

வெளிநாட்டிலிருந்தபடி பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். ஆனால் அதற்கு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். முதலாளி லீவு தர வேண்டும், சம்பளத்தில் பிடித்தம் ஆகும். மும்பையில் புறப்படுமுன் நோட்டரியிடம் போய் எழுதினால் ஒரு நாள் வேலை. மனைவியின் பெயரைச் சேர்த்து ஒரு பேங்க் கணக்கு, பெயர் மாற்றத்துக்கான வாரிசு மனு, பெட்டியிலுள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல், இவற்றுக்கெல்லாம் ஒரு பதினைந்து நாளை ஒதுக்கலாமே. துணிமணி வாங்கவும் ஊர்க்கோயிலுக்குப் போய்வரவும் ஒரு மாதம் கிடைக்கிறதே!

2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். விமானப் படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்தன. அப்படியொரு செய்தி வரும் நாளில், மகன் எந்தக் கம்பெனியில் இருக்கிறான், எந்தக் கட்டிடத்தில் தங்கியிருக்கிறான், இன்ஷூரன்ஸ் எண் என்ன என்று மும்பையில் இருக்கும் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் டெலிபோனில் மட்டும் இருந்தால் பயனில்லை. வீட்டில் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும்.

ரசீது கேட்ட அந்த அப்பா, ஏஜெண்டின் ஆளை டீ கொடுத்து அனுப்பிவிட்டார். பதிவு எண்ணை எழுதிக்கொண்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆள் இன்னும் வரவில்லை. மகனுக்குக் கோபம்தான். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை பரண் மேலிருந்து தகரப்பெட்டியை இறக்கினார்கள். போட்டோ பாஸ் கிடைத்தது. தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. லைட் பில்லில் அந்தப் பெயர் வேறு எழுத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மகன் அதற்காகத்தான் அலைந்துகொண்டிருந்தார்.