கறுத்துட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி

மே மாசம் வந்தா எங்க வீட்டுல ஆள் நடமாட்டம் கூடிடும். திருமழிசைக்கும் வெள்ளவேடுக்கும் நடுவுல, ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்களுக்கு ரெண்டே கால் ஏக்கர். சுத்தி எல்லாப் பக்கமும் பிளாட் கல்லு நட்டாச்சு. நாங்க இன்னும் வெண்டை, கீரை, நாலு வரிசை மல்லின்னு ஓட்டிக்கிட்டு இருக்கோம். அம்பத்தூர்ல இருந்து அக்கா பொண்ணு, ஆவடியில இருந்து தம்பி பையன், ரெண்டு பேரும் பரீட்சை முடிஞ்ச கையோட இங்க வந்துடுவாங்க. பம்புசெட் தொட்டிக்காக வர்றாங்கன்னுதான் சொல்லணும். மாமா மேல பாசம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

போன வருஷம் அக்கா பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கி வாசல்ல காலை வெச்சதும் எங்கம்மா கேட்ட முதல் கேள்வி: "இன்னாடி இது, இப்படி கறுத்துட்ட?" சாப்பிட்டியா, தண்ணி குடிக்கிறியா, பரீட்சை எப்படி எழுதின, எதுவும் கிடையாது. நானும் என் பங்குக்கு, "வாடி கறுப்பி"ன்னேன். தொட்டில்ல கிடந்த நாள்ல இருந்து நான் அவளைக் கூப்பிடற பேரு அதுதான். செல்லமாத்தான். அவ சிரிச்சா. எப்பவும் சிரிப்பா. அவ சிரிக்கிறதால அதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னு பதினேழு வருஷமா நான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தடவை அவ தொட்டிப் பக்கமே வரல. பசங்க எல்லாம் காலையில மோட்டார் போட்டதும் குதிக்கிறானுங்க, இவ மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ரூம்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அக்னி நட்சத்திரத்துல அந்த ரூமுக்குள்ள மதியம் மனுஷன் இருக்க முடியாது. மெட்ராஸ்ல மெரினா பக்கம் இருக்கறவங்களுக்கு மத்தியானமே கடல்காத்து வந்துடும். அது ஊரைத் தாண்டி, போரூர் தாண்டி, பூந்தமல்லி தாண்டி எங்ககிட்ட வந்து சேர பொழுது சாஞ்சுடும், சில நாள் வரவே வராது. "வேப்பமரத்தடிக்கு வாடி"ன்னு கூப்பிட்டா, "வெயில் இறங்கட்டும் மாமா"ங்கறா. ராத்திரி எட்டரைக்கு மேல, எல்லாரும் சாப்பிட்டுப் படுக்கப் போற நேரம், முழுக்கை டாப்ஸோட தொட்டியில இறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவா. நாலாம் நாள்தான் எனக்கு உறைச்சுது, இது சோம்பல் இல்லை, வேற ஏதோன்னு.

அஞ்சாம் நாள் ராத்திரி கரண்ட் போச்சு. வெளிய கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். எழுந்து வந்து, "மாமா, ஐஸ் இருக்குமா, முகம் எரியுது"ன்னா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கன்னம் ரெண்டும் சிவந்து, பொடிப்பொடியா கட்டி, தோலு பளபளன்னு பூண்டுத்தோல் மாதிரி இருக்கு. மொதல்ல வேர்க்குருன்னு நினைச்சேன். கேட்டுக் கேட்டுப் பார்த்ததுக்கு அப்புறம் பையில இருந்து ஒரு சின்ன டியூப்பை எடுத்துக் குடுத்தா. கூடப் படிக்கிற பொண்ணு சொன்னதாம். வீட்டுப் பக்கத்து மெடிக்கல்ல பேரைச் சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டாங்களாம், சீட்டு எதுவும் கேக்கலையாம். போட்டு ரெண்டு வாரத்துல முகம் வெளுத்துச்சாம், எல்லாரும் "நல்லா இருக்கடி"ன்னாங்களாம். அஞ்சு மாசமா போட்டுக்கிட்டு இருக்கா. ஊருக்கு வர்ற அவசரத்துல நாலு நாள் போட மறந்துட்டா, எரிய ஆரம்பிச்சுடுச்சு.

மறுநாள் தோல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். டியூப்பைத் திருப்பிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார். அதுல மூணு சரக்கு இருக்குன்னார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அப்புறம் ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர் பார்வையில கொஞ்ச நாள் மட்டும் போட வேண்டிய மருந்து இது. கண்டபடி மாசக்கணக்குல போட்டா ஸ்டீராய்டு தோலை மெலிசாக்கிடும். மெலிஞ்ச தோல்ல ரத்தக் குழாய் வெளிய தெரியும், பரு வரும், சில பேருக்கு முகத்துல முடிகூட வளரும். நிறுத்தினா எரிச்சல், எரிச்சல் தாங்காம மறுபடியும் போடறது, இப்படியே ஒரு சுழல். அதுவும் ட்ரெட்டினாயின் போட்ட தோலு வெயிலைத் தாங்காது, சாதாரணத் தோலைவிட சீக்கிரம் பொசுங்கும். அதாவது வெயிலுக்குப் பயந்து போட்ட மருந்து, வெயிலைத் தாங்கற சக்தியை எடுத்துடுச்சு. "சரியாக மாசக்கணக்கு ஆகும்மா, பொறுமையா இரு"ன்னு சொல்லி வேற மருந்து எழுதிக் குடுத்தார்.

இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியல்ல சேர்த்தாச்சு. சட்டம் இருக்கு. டியூப்பும் கிடைக்குது. பேரே இல்லாம, என்ன சரக்குன்னு எழுதாம வர்ற கிரீம் இன்னொரு ரகம். 2023ல கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல, சிறுநீரகம் பாதிச்சு வந்தவங்களை விசாரிச்சப்போ, அதுல பல பேர் வெளுப்பாகிற கிரீம் போட்டவங்கன்னு அங்கத்த டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. காரணம் பாதரசம். முகத்துல தடவினது கிட்னிக்குப் போயிருக்கு. நான் என் வெண்டைக்கு எந்தப் பூச்சிமருந்தை எத்தனை மில்லி அடிச்சேன்னு கேக்கற நகரத்து நண்பர்கள் நிறைய பேர் உண்டு. கேக்கணும், நல்லது. உங்க வீட்டு அலமாரியில இருக்கிற டியூப்பையும் ஒரு தடவை திருப்பிப் படிச்சுடுங்க.

வெயில்ல கறுக்கறதைப் பத்தி ஒரு சம்சாரியா எனக்குக் கொஞ்சம் தெரியும். முதுகுதான் என் ஆராய்ச்சிக்கூடம். தை, மாசியில என் கை இருக்கிற நிறம் வேற, வைகாசியில வேற. ஆவணி, புரட்டாசி மழை வந்ததும் மெல்லத் திரும்பிடும். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரு தோல் செல்லுக்குள்ள போய்க் கெடுக்காம இருக்க உடம்பு மெலனின்னு ஒரு சாயத்தைச் சுரந்து குடை பிடிக்குது. அந்தக் குடைதான் நாம சொல்ற கறுப்பு. மேல்தோலு ஏறக்குறைய மாசத்துக்கு ஒருதரம் உரிஞ்சு புதுசாகுது, வெயில் குறைஞ்சா குடையும் மடங்கும். மடங்காத நிறம் பொறப்புல வந்தது. அதை எந்த டியூப்பாலயும் மாத்த முடியாது, மாத்த வேண்டியதும் இல்லை.

அதுக்காக வெயிலே ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்ல வரல. எங்க கழனியில வேலை செய்யற பொம்பளைங்களைப் பாருங்க. புடவை மேல வீட்டுக்காரரோட முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. வெண்டை பறிக்கிறப்போ சுணை பட்டா கையெல்லாம் அரிக்கும், அதுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டை. விடிகாலையில இறங்கி, பத்து மணிக்குள்ள கரையேறிடுவாங்க. 2024ல தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது சும்மா இல்லை. மூடிக்கிறது வேற, ஒளிஞ்சுக்கிறது வேற. எங்க பொண்ணு ஷீட்டு ரூம்ல வெந்துக்கிட்டு இருந்தது வெயிலுக்குப் பயந்து இல்லை, எங்க வாய்க்குப் பயந்து.

அந்த வாய் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சேன். காளி கறுப்பு, கண்ணன் கறுப்பு, ஊர் எல்லையில இருக்கிற கறுப்பசாமிக்குப் பேரே அதுதான். "கறுப்பே அழகு, காந்தலே ருசி"ன்னு பழமொழி வேற. ஆனா எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்துல ரெண்டு இடம் தட்டிப் போச்சு. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லல, எல்லாருக்கும் தெரியும். அப்போ எங்க வீட்டுல தினமும் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சாங்க. மஞ்சள் போய் கிரீம் வந்துச்சு. 1975ல விக்க ஆரம்பிச்ச ஃபேர் அண்ட் லவ்லி, வெள்ளையானா வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும்னு டிவியில எத்தனை வருஷம் பாடம் நடத்திச்சு! சென்னையில விமன் ஆஃப் வொர்த்னு ஒரு அமைப்பு 2009ல கறுப்பு அழகுன்னு இயக்கம் ஆரம்பிச்சு, அப்புறம் நடிகை நந்திதா தாஸ் அதுக்கு முகமா நின்னாங்க. 2020 ஜூலையில அந்தக் கம்பெனி பேர்ல இருந்த ஃபேரை எடுத்துட்டு க்ளோன்னு மாத்திச்சு. பேரு மாறினதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. எங்கம்மாவுக்கு அந்த ரெண்டு பேருமே தெரியாது. விளம்பரம் பார்த்தா அவங்க "இன்னாடி இப்படி கறுத்துட்ட"ன்னு கேட்டாங்க?

தம்பி பையன் கதை வேற. பன்னெண்டு வயசு, உடம்பு கொஞ்சம் பூசினாப்பல. மத்த பசங்க டவுசரோட குதிக்கிறப்போ அவன் டீ-சர்ட்டைக் கழட்ட மாட்டான். ஈரம் காயாத பாலியஸ்டர் துணியோட நாள் முழுக்க சுத்தி, கழுத்து, அக்குள் எல்லாம் வேர்க்குரு. அவனை பூசணின்னு கூப்பிடறது யாருன்னு கேக்கறீங்களா? அதுவும் நான்தான்.

சொந்தக்காரங்க பாசத்துல சொல்றதுதானேன்னு கமெண்ட்ல யாராவது எழுதுவீங்க. போன வருஷம் வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஊர்ல ஒருத்தரைப் பார்த்தா இளைச்சுட்ட, பெருத்துட்ட, கறுத்துட்டன்னு கேக்கறது அக்கறைன்னுதான் வளர்ந்தோம். அக்கறைன்னா கேட்டுட்டு ஏதாவது செய்யணும். இளைச்சவனுக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கணும். கேட்டுட்டு சிரிச்சா அது அக்கறை இல்லை. லீவுக்குப் பிள்ளைங்களை ஊருக்கு அனுப்பற நீங்களும் போன்ல, "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவ"ன்னு சொல்றீங்க. "தலை சுத்தினா நிழலுக்கு வந்துடு, தண்ணி குடி"ன்னு சொல்லுங்க.

டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு அவகிட்ட மன்னிப்பு மாதிரி ஏதோ கேக்கணும்னு நினைச்சேன். வார்த்தை வரல. நுங்கு வெட்டிக் குடுத்தேன். "இத்தனை நாளா அந்தப் பேரு உனக்குப் பிடிக்கலையா?"ன்னு கேட்டேன். நுங்கை நோண்டிக்கிட்டே சொன்னா: "நீ கூப்பிட்டா பரவால்ல மாமா. நீ கூப்பிடறதைக் கேட்டு ஸ்கூல்ல வந்து கூப்பிட்டாங்க."

ஆவடிப் பையனும் அவளும் ஒரே ஸ்கூல்தான் படிச்சாங்க, எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

முகம் இப்போ பெரும்பாலும் சரியாயிடுச்சு. இடது கன்னத்துல சிவப்பு நரம்பு கொஞ்சம் தெரியுது, வெயில் பட்டா இன்னும் எரியுதாம். இப்போ காலேஜ் முதல் வருஷம், வண்டியில போறப்போ துப்பட்டாவைச் சுத்திக் கண்ணு மட்டும் தெரியற மாதிரி கட்டிக்கிறா. டாக்டரும் வெயில் படாம பார்த்துக்கச் சொல்லியிருக்காரு, அதனால நான் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் வர்றாளாம். தொட்டியில பாசி சுரண்டி, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கேன். தென்னங்கீத்து வாங்கி தொட்டிக்கு மேல பாதி வரைக்கும் பந்தல் போட்டாச்சு. த்ரீ பேஸ் கரண்ட் இந்த மாசம் காலையிலயே வருது, அதையும் போன்ல சொல்லிட்டேன். எங்கம்மாகிட்ட மூணு தடவை சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் வாயைத் தொறக்காதேன்னு. "பின்ன இன்னாடா கேக்கறது?"ன்னு நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறாங்க. போன பொங்கலுக்கு வந்திருந்தப்போ என் வாயிலயும் ரெண்டு தடவை பழைய பேரு வந்துடுச்சு. ரெண்டு தடவையும் அவ திரும்பிப் பார்த்தா.