ஆறாவது பெயர் யாருடையது?

பிஹெச்.டி சேரப்போகும் பிள்ளைகள் கைடைத் தேடும்போது முதலில் தட்டுவது கூகுள் ஸ்காலரைத்தான். பெயரைப் போட்டதும் சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் என்று எண்கள் வந்து நிற்கும். எண் பெரிதாக இருந்தால் ஆளும் பெரியவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது போதுமா?

சைட்டேஷன் என்பது, ஒருவரின் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. ஹெச்-இண்டெக்ஸ், 2005-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் சொன்ன அளவுகோல். 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் பெற்றிருந்தால் ஹெச்-இண்டெக்ஸ் 20. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 5,000 முறை மேற்கோள் பெற்றாலும் ஹெச்-இண்டெக்ஸ் வெறும் 1தான்!

இந்த எண்களை எப்படிப் படிப்பது? நம்ம தரமணியிலேயே உதாரணம் இருக்கிறது.

டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி கேர் மையத்தில், ஹெச்.ஐ.வி நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்தவர் டாக்டர் என்.குமாரசாமி. 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு கட்டுரையில் ஆறாவது பெயர் இவருடையது. 9 நாடுகள், 1,763 தம்பதிகள். சென்னையும் அதில் ஒரு மையம். தொற்று உள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்கினால், துணைக்குப் பரவுவது 96% குறைகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டுகின்றன.

அதே குமாரசாமி, 2003-ல் 'கிளினிக்கல் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. சென்னையில் சிகிச்சை பெற்ற 594 பேரின் நோய் எப்படிப் போனது என்ற பதிவு அது. எய்ட்ஸ் நிலையில் அவர்களை அதிகம் தாக்கியது காசநோய் என்று அது சொன்னது. மேற்கோள் எண்ணிக்கையில் 2011 கட்டுரைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால், நம்ம ஊர் நோயாளியைப் பற்றி நம்ம ஊரிலேயே எடுத்த கணக்கு. எது பெரியது? ஸ்காலர் பக்கம் பதில் சொல்லாது.

இன்னும் பின்னால் போவோம். இந்தியாவில் ஹெச்.ஐ.வி இருப்பது 1986-ல் தெரியவந்தது. சென்னையில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் மாணவி நிர்மலா. வழிகாட்டியவர் சுனிதி. பரிசோதனை வேலூர் சி.எம்.சி-யில். 1987-ல் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வந்தது நாலே பக்கம். நிர்மலா நான்காவது பெயர், சுனிதி ஐந்தாவது. பிறகு நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஹெச்-இண்டெக்ஸை மட்டும் பார்ப்பவர், இவரைத் தாண்டிப் போய்விடுவார்.

இந்தக் கட்டுரைகளுக்கு வெளியே என்ன நடந்தது? தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனை, ஹெச்.ஐ.வி சிகிச்சைக்கும் பெரிய மையமானது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்ற நடைமுறை 2017-ல் நாடு முழுக்க வந்தது. மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர் யாரும் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டப்போவதில்லை. ஆனால், பலன் அவரிடம்தான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, கைடு தேடும் தம்பி தங்கைகளே, எண்ணைப் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் பாருங்கள்.

ஒன்று, பெயர் எந்த இடத்தில்? மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் பெயர், வேலையை அதிகம் செய்தவருடையது. கடைசிப் பெயர், குழுவை வழிநடத்தியவருடையது.

இரண்டு, மேற்கோள் காட்டியவர்கள் யார்? தன்னைத் தானே காட்டிக்கொண்டாலும் எண் ஏறும். காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களும் இருக்கின்றன.

மூன்று, அந்த ஆய்வால் என்ன மாறியது? இதற்கு ஸ்காலரில் பட்டன் கிடையாது. கட்டுரையைத் திறந்து படிக்க வேண்டும். அவரிடம் படித்த சீனியர்களிடம் கேட்க வேண்டும். ஐந்து வருடம் உங்களோடு உட்காரப்போவது அந்த எண் இல்லை, அந்த மனிதர்தான்!