இரண்டாம் குழந்தையும் ஆயாவின் சம்பளமும்

சென்னை போன்ற நகரங்களில், தாயும் தந்தையும் உத்தியோகத்துக்குச் செல்லும் வீடுகளில், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கென்று பேசி அமர்த்தப்பட்ட ஆயாவிடம், இரண்டாவது சிசு வீடு வந்து சேர்ந்ததும், ஒரு வார்த்தைகூடக் கேளாமல் அதையும் ஒப்படைத்துவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. பெரியவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் சிறியது வீறிட, கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு ஓடி, ஈரத் துணியை மாற்றி, புட்டியைக் கொதிநீரிலிட்டுப் பாலைக் கலந்து திரும்புவதற்குள் பெரியவன் தட்டைக் கவிழ்த்திருப்பான். இதைக் 'கூடமாட ஒத்தாசை' என்று சொல்லும் எஜமானர்களின் துணிச்சலை என்னவென்பது! தீபாவளிப் புடவை சம்பள உயர்வாகாது.

மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு, தகுதியுள்ள தாய்க்கு இரண்டாம் பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்புக் கிடைக்கிறது. வீட்டுவேலை செய்வோருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையையோ இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஆகையால், பேரம் பேசும் பலமற்ற அந்த அம்மாள் தாமாக வாய் திறக்கட்டும் என்று காத்திராமல், பிரசவத்துக்கு முன்பே உட்காரவைத்துப் புதிய வேலையையும் புதிய சம்பளத்தையும் பேசி முடியுங்கள். மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக் கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். அது அதிகம் என்பவர்கள், சிறியதற்கென்று வேறோர் ஆயாவை அமர்த்த என்ன செலவாகும் என்று விசாரித்துப் பார்க்கலாம்.