செய்தவர் பெயர் எங்கே?

தங்கக் கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகப்பில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பின்மூடியில் எண் இருக்கும். விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ரசீதில் இருக்கும். பொன்னை உருக்கி, தட்டி, வளைத்து, அந்தக் கூட்டைக் கையால் செய்த மனிதர் ஒருவர் இருந்தால், அவர் பெயர் மட்டும் நம் நாட்டில் எங்கும் இராது. ஏன் இராது? இருந்தால் யாருடைய குடி முழுகிவிடும்? இவ்விரு கேள்விகளையும் நம் சங்கத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

“கூடுதானே, அதில் என்ன பெரிய வித்தை?” என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்காக அந்த வேலையைச் சுருங்கச் சொல்கிறேன்.

பத்தரை மாற்றுத் தங்கம் என்று புகழ்கிறோம். கடிகாரக் கூட்டுக்கு அந்தப் பத்தரை மாற்று உதவாது. அவ்வளவு மென்மையான பொன்னில் வாரைத் தாங்கும் ஊசித்துளை நாளடைவில் அகன்றுவிடும். மூடி பிடி தளரும். ஆகவே 18 காரட். அதாவது 1000 பங்கில் 750 பங்கு பொன்; மீதி பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். வெள்ளி அணு ஏறக்குறையப் பொன் அணுவின் பருமனே உள்ளது. செம்பு அணுவோ சிறியது. பொன்னணுக்களின் வரிசையில் அது புகுந்ததும் வரிசை கோணுகிறது. கோணிய வரிசை எளிதில் வழுக்காது. உலோகம் உறுதிப்படுவது இதனால்தான். இதைக் கல்லூரியில் ஒரு பாடவேளை முழுதும் படம் போட்டு விளக்கினார்கள். பட்டறையில், “வெள்ளி வெளுக்கும், செம்பு இறுக்கும்” என்று நான்கு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்!

உருக்கி வார்த்த கட்டியைத் தட்டத் தட்ட அது இறுகும். மேலும் தட்டினால் வெடிக்கும். அதற்கு முன்பே மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி, நீரில் தோய்க்க வேண்டும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும். இந்தப் பொன்னோ இளகும். செம்பு மிகுந்த பொன்னைத் தானே ஆறட்டும் என்று விட்டுவிட்டால், அணுக்கள் தமக்குள் ஒழுங்குபட்டு உலோகம் முறுகிப்போகும். இந்த உண்மையை விஞ்ஞானிகள் எக்ஸ் கதிரைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் விளக்கினார்கள். ஊதுகுழல் பிடித்தவர்கள் உலையின் நிறத்தைக் கண்டே அதற்கேற்ப நடந்துகொண்டார்கள்.

பின்னர் வளையம். பட்டையை வளைத்து, வாய் சேர்த்து, வெங்காரம் தடவிப் பொடிவைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் வார் மாட்டும் நான்கு காதுகள். இரண்டாம் முறை சூடு காட்டும்போது முதற்பற்று விட்டுப்போகக் கூடாது. ஆகவே முதற்பற்றுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்ததற்குக் குறைந்த சூட்டில் உருகும் பொடி. பிறகு கடைசல், அரம், மெருகு. இயந்திரம் உள்ளே ஆடாமல் அமர வேண்டும். கண்ணாடி வளையமும் பின்மூடியும் தூசி புகாமல் பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் பொருத்தம் கெடலாம். கழுத்துச் சங்கிலி இம்மி கூடினாலும் குறைந்தாலும் கழுத்து மன்னித்துவிடும். கடிகாரம் மன்னிக்காது.

எங்கள் சீத்தா கேம்பில் ஒரு பத்தர் இருக்கிறார். ஜவேரி பஜார்ப் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். பழைய கடிகாரம் ஒன்றுக்குப் பொன்னில் கூடு செய்த கதையை அவர் எனக்கு விவரமாகச் சொன்னார். “அதைத் திரும்பப் பார்த்தால் அடையாளம் தெரியுமா?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியும் தம்பி. ஆனா நான் செஞ்சதுதான்னு சொல்ல என்ன சாட்சி இருக்கு?” என்றார். அரத்தில் உதிர்ந்த தூளைத் தட்டில் கூட்டி நிறுத்து எழுதுகிறார்கள். பட்டறையின் தரைமண்ணையும் கழுவிப் பொன் எடுக்கிறார்கள். உதிர்ந்த தூளுக்குக் கணக்கு உண்டு. அரம் பிடித்த கைக்குக் கணக்கு இல்லை!

சட்டத்துக்குப் பொற்கொல்லர் பெயர் தெரியாமலா போயிற்று? நன்றாகத் தெரியும். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றபோது, நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் பொற்கொல்லர் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கட்டுப்படுத்த வேண்டியபோது பெயரைக் கேட்டுப் பதிந்தார்கள்; பெருமை தரும் முத்திரை வந்தபோது அந்தப் பெயரை மறந்தார்கள்.

2021 ஜூன் 16 முதல் நம் நாட்டில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், மாற்று, ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி என மூன்று அதில் உண்டு. அந்தக் குறியைக் கைப்பேசியில் தட்டினால், நகையைப் பதிந்த வணிகர் யார், சோதித்த நிலையம் எது என்பது தெரியும். செய்தவர் யார் என்பது தெரியாது. கைக்கடிகாரத்துக்கோ அந்தக் கட்டாயத்திலிருந்தே அப்போது விலக்கு அளித்துவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே நகைக்கு அரசு முத்திரை விருப்பத்தைப் பொறுத்தது; தங்கக் கடிகாரக் கூட்டுக்கோ அது கட்டாயம். கூட்டைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் 1880ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. அதனோடு பொறுப்பாளரின் குறியும் இருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் ஜினீவாவில் செய்த பல கூடுகளின் உட்புறத்தில் ஒரு சாவியின் உருவமும், அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் கூடு செய்த பட்டறையைக் குறிக்கும். முகப்பில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர். உள்ளே பட்டறையின் எண். ஒன்று மற்றொன்றின் பெருமையைக் குறைத்துவிடவில்லையே!

“ஒரு பொருள் பத்துக் கைகளில் புரளுகிறது, யார் பெயரைப் போடுவது?” என்பது ஒரு தடை. நியாயமான தடையே. தனி ஒருவர் செய்திருந்தால் அவர் பெயர். பலர் செய்திருந்தால் பட்டறையின் எண். ஜினீவாவின் சாவி காட்டும் வழி அதுதான். அடையாளக் குறியின் பதிவில் ஒரு வரி கூடினால் போதும். பொன்னின் எடை கூடப் போவதில்லை.

“இயந்திரம் வந்துவிட்ட காலத்தில் கைவேலை எதற்கு?” என்பது மற்றொரு தடை. நான் இயந்திரத்துக்குப் பகைவன் அல்லன். டாடாவும் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரத் தொழிலை வளர்த்தது. நெபுலா என்ற பெயரில் 18 காரட் தங்கக் கடிகாரங்களும் அதனிடமிருந்து வந்தன. தமிழ்நாட்டுக்கு அது பெருமையே. ஆனால் இயந்திரம் செய்ததை இயந்திரம் செய்தது என்றும், கை செய்ததை இன்னார் கை செய்தது என்றும் சொல்வதில் என்ன தடை? “கைவேலை” என்று சொல்லி விலை கூட்டி விற்கும் பொருளில், அந்தக் கை யாருடையது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. பெயர் வந்தால் பெருமை மட்டும் வராது, பொறுப்பும் வரும். பற்று விட்டால் யார் பற்றவைத்தது என்பதும் தெரிந்துபோகும். நல்ல தொழிலாளி அதற்கு அஞ்சமாட்டான்.

1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் ஊர் எங்கள் ஊர். பதிவில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு அங்கே சிறு குழந்தைக்கும் தெரியும். ஆகையால் பெயர் என்பதை அற்ப விஷயமென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் அக்கா தங்கை திருமணத்துக்கு நகை வாங்கப் போகிறோம். கடைக்காரரிடம் மாற்று என்ன, சேதாரம் என்ன, கூலி என்ன என்று மூன்று கேள்வி கேட்பது வழக்கம். நான்காவதாக ஒன்று கேளுங்கள்: “செய்தவர் யார்?” முதல் நாள் சிரிப்பார்கள். நூறு பேர் கேட்டால் பதில் தேடுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் எழுதிவைப்பார்கள். விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் பிறர் கண்டதை அவர் பெயரோடு குறிப்பதே நாணயம் என்று கற்றிருக்கிறோம். அந்த நாணயம் ஏட்டுக்கு மட்டும் உரியதா? பட்டறைக்கும் உரியதே.